மழைநீர் பெட்டி செட்: ஈசிஆர் மணலில் சரி, கிருஷ்ணகிரி செம்மண்ணில்?

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து பில்டிங் மெட்டீரியல் கடைகளில் கருப்பு பிளாஸ்டிக் மழைநீர் பெட்டிகளை இப்போது முழு செட்டாகவே கொடுக்கிறார்கள். பார்க்க, பால் பாக்கெட் கூடையைப் பெரிதாக்கியது போலிருக்கும். அதைச் சுற்ற வெள்ளைத் துணி, மண் பிடிக்க ஒரு சிறு தொட்டி, 110 மி.மீ. பிவிசி குழாய், காற்றுப் போக ஒரு மூடி. குழி தோண்டு, துணி விரி, பெட்டியை அடுக்கு, மண்ணை மூடு, மொட்டைமாடித் தண்ணீர் முழுக்க பூமிக்குள் போய்விடும் என்பது விற்பவர் பேச்சு. வாங்குபவர்கள் இரண்டு வகை. மகாபலிபுரம், மரக்காணம் என்று ஈசிஆர் ஓரம் மனை வாங்கிப்போட்டு அங்கே வீடு கட்டும் நம்மூர்க்காரர்கள் ஒரு வகை. இங்கேயே செம்மண்ணில் கட்டிய வீட்டுக்கு வைப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் ஒரே படம், ஒரே கணக்குச் சீட்டு. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் பொருளைப் பற்றி. பரவலாகக் கிடைக்கும் பெட்டி 1 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 40 செ.மீ. உயரம். வெளி அளவு 200 லிட்டர், பிளாஸ்டிக் போக 190 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதாவது 95 சதவீதம் வெற்றிடம். பழைய முறைப்படி ஜல்லி நிரப்பிய உறிஞ்சு குழியில் வெற்றிடம் 30 முதல் 40 சதவீதம்தான். ஒரு பெட்டி பிடிக்கிற தண்ணீரைப் பிடிக்க அரை கன மீட்டரை ஒட்டிய ஜல்லி வேண்டும். கடையில் விலை பேசும்போது மனதில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: ஒரு யூனிட், அதாவது 100 கன அடி 40 மி.மீ. ஜல்லி, ஏறக்குறைய ஆறு பெட்டிக்குச் சமம். குவாரிகள் பக்கத்திலேயே இருக்கும் கிருஷ்ணகிரியில் ஒரு யூனிட் ஜல்லியும் அதற்கான தோண்டு கூலியும் ஒரு பக்கம், ஆறு பெட்டி விலை மறுபக்கம் என்று எழுதிப் பார்த்தால், பெட்டி பெரும்பாலும் தோற்றுவிடும். கடற்கரையில் கதை வேறு. அங்கே ஆழம் தோண்ட முடியாது. குறைந்த ஆழத்தில் அதிகத் தண்ணீர் பிடிக்க வேண்டிய இடத்தில்தான் அந்த 95 சதவீதத்துக்கு மதிப்பு.

பெட்டியின் தரம் கையில் எடுத்தால் ஓரளவு தெரியும். புது பாலிப்ரொப்பிலீன் என்றால் பக்கவாட்டுத் தகடு வளைந்து திரும்பும். மட்டமான மறுசுழற்சிப் பிளாஸ்டிக் வெளிறி, மூலையில் நொறுங்கும். ஆனால் கண் பார்வை போதாது. சதுர மீட்டருக்கு எத்தனை டன் தாங்கும் என்ற சோதனைச் சான்றை மேல் பாரத்துக்கு ஒன்று, பக்கவாட்டு அழுத்தத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பக்கவாட்டுத் தாங்கும் திறன் பொதுவாகக் குறைவாகத்தான் இருக்கும், விளம்பரத் தாளில் பெரும்பாலும் அது வராது. கார் நிறுத்த அனுமதி உள்ள பெட்டி என்றாலும் மேலே 60 செ.மீ. மண்ணாவது இருக்க வேண்டும். வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர் லாரியோ போர் போடும் வண்டியோ அதன்மேல் ஏறக்கூடாது. நம் ஊர்களில் இந்த இரண்டும் என்றாவது ஒருநாள் வந்தே தீரும் என்பதால், பெட்டி புதைந்திருக்கும் எல்லையைக் கல் நட்டு அடையாளம் காட்டிவிடுவது நல்லது.

மண் குடிக்கும் வேகம்

பெட்டி தண்ணீரை உறிஞ்சுவதில்லை. தாற்காலிகமாக வைத்திருந்து, மண் குடிக்கிற வேகத்தில் விடுகிறது, அவ்வளவுதான். எனவே எத்தனை பெட்டி என்பதை மண்தான் சொல்ல வேண்டும். கூரைப் பரப்பை மட்டும் கேட்டுவிட்டு எண்ணிக்கை சொல்லும் கடையில் வாங்காமல் வருவதே மேல்.

சோதனை எளிது. பெட்டியின் அடிமட்டம் வரப்போகிற ஆழத்தில் 1 மீட்டருக்கு அரை மீட்டர் குழி எடுத்து, 60 செ.மீ. உயரம் தண்ணீர் ஊற்றவும். முக்கால் அளவிலிருந்து கால் அளவுக்கு, அதாவது 45 செ.மீ. மட்டத்திலிருந்து 15 செ.மீ. மட்டத்துக்கு இறங்க எவ்வளவு நேரம் என்று பார்க்கவும். மூன்று முறை ஊற்றி, மூன்றில் மிக மெதுவானதை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் முறை காய்ந்த மண் வேகமாகக் குடித்து ஏமாற்றும். இந்த அளவுக் குழியில் இறங்கிய தண்ணீர் 150 லிட்டர். அதைக் குடித்த பரப்பு, அடியும் பாதி உயரப் பக்கச் சுவர்களும் சேர்த்து, 1.4 சதுர மீட்டர். 10 நிமிடத்தில் இறங்கினால் மணிக்கு சுமார் 640 மி.மீ. வேகம், சுத்தமான கடற்கரை மணலுக்கு இது இயல்பு. அதே தண்ணீர் இறங்க 6 மணி நேரம் ஆனால் மணிக்கு 18 மி.மீ.; களி கலந்த செம்மண்ணில் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டுக்கும் நடுவே 36 மடங்கு வித்தியாசம். ஒரே சீட்டில் இரண்டையும் அடக்க முடியாது.

மணலில் குழிச் சுவர் நிற்காமல் சரிந்தால், அடி வெட்டிய பிளாஸ்டிக் டிரம்மை மணலில் அழுத்தி இறக்கி அதற்குள் ஊற்றி அளக்கலாம். எப்படி அளந்தாலும், வரும் வேகத்தில் பாதியைத்தான் கணக்குக்கு எடுக்க வேண்டும். நாள்பட நாள்பட துணியிலும் மண்ணிலும் வண்டல் அடையும். மீதிப் பாதி அதற்கான ஈடு.

இப்போது ஈசிஆரில் ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம். கூரை 1,200 சதுர அடி, தளம் போட்ட முற்றம் 600 சதுர அடி. சேர்ந்து 167 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. மழை என்று வைத்து, 10 சதவீதம் தேங்கலும் தெறிப்பும் கழித்தால் 15 கன மீட்டர் தண்ணீர். மணலின் கணக்கு வேகம் மணிக்கு 300 மி.மீ. என்றால், ஒரே அடுக்கில் பரப்பிய 44 பெட்டி போதும். 8.4 கன மீட்டர் பெட்டிக்குள் நிற்கும், மீதி 6.6 அந்த ஒரு மணி நேரத்திலேயே 22 சதுர மீட்டர் அடிப்பரப்பு வழியாக இறங்கிவிடும். மழை நின்று ஒன்றேகால் மணி நேரத்தில் பெட்டி காலி. இடம் மிச்சம் என்று இரண்டு அடுக்காக வைத்தால் 57 பெட்டி ஆகிறது, ஏனென்றால் அடிப்பரப்பு குறைந்துவிட்டது. மணலில் பரப்பி வைப்பவருக்குச் செலவு குறைவு, அடுக்கி வைப்பவருக்கு அதிகம்.

இதே 15 கன மீட்டரை நம் செம்மண்ணில், கணக்கு வேகம் மணிக்கு 9 மி.மீ. என்று போட்டால் 77 பெட்டி வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் மண் குடித்தது அரை கன மீட்டர்கூட இல்லை. நிரம்பிய பெட்டி காலியாக 42 மணி நேரம். அதையும் இரண்டு அடுக்காகக் குழிக்குள் இறக்கினால் மூன்றரை நாள். ஐப்பசி, கார்த்திகையில் அடுத்த மழைக்கு மூன்றரை நாள் காத்திருக்கும் வழக்கம் வானத்துக்குக் கிடையாது. 24 மணி நேரத்தில் பாதியாவது காலியாக வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. ஒற்றை அடுக்கு அந்த வரம்புக்குள் நூலிழையில் தேறும், இரட்டை அடுக்கு தேறாது.

மணலில் பெட்டியே வேண்டியதில்லை என்றால்?

விற்பவர் சொல்லாதது ஒன்று உண்டு. அதே ஈசிஆர் மனையில் 38 சதுர மீட்டர், அதாவது 410 சதுர அடி இடத்தை 20 செ.மீ. பள்ளமாக்கிப் புல் வளர்த்தால், 44 பெட்டி செய்கிற வேலையை அது செய்துவிடும். பள்ளத்தில் நிற்பது 7.6 கன மீட்டர், ஒரு மணி நேரத்தில் இறங்குவது 11.4, பள்ளத்தின் மேல் நேராக விழும் மழையையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. வண்டல் படிந்தால் கண்ணுக்குத் தெரியும், மண்வெட்டியால் சுரண்டி எடுக்கலாம். பூமிக்குள் போன பெட்டியில் வண்டல் படிந்தால் பார்க்கவே ஆளில்லை. ஆக, முற்றத்தின்மேல் கார் நிற்க வேண்டும், மீதி இடமே இல்லை என்கிற மனைக்குத்தான் பெட்டி. தோட்டம் போட இடம் வைத்திருப்பவர் பள்ளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பள்ளத்துக்கு இன்னொரு வலுவான காரணம் நிலத்தடி நீர்மட்டம். பெட்டியின் அடிக்கும் மழைக்கால உச்ச நீர்மட்டத்துக்கும் நடுவே 1 மீட்டர் காய்ந்த மண் இருக்க வேண்டும். பெட்டி 40 செ.மீ., மேல் மண் 60 செ.மீ., அடியில் சமன் செய்ய 10 செ.மீ. என்றால் குழி ஆழம் 1.1 மீட்டர். அப்படியானால் நீர்மட்டம் 2.1 மீட்டருக்குக் கீழே இருந்தாக வேண்டும். 20 செ.மீ. பள்ளத்துக்கு 1.2 மீட்டர் போதும். கடலோர மணலில் வடகிழக்குப் பருவமழை ஓங்கி அடிக்கும்போது நீர்மட்டம் பல இடங்களில் தரையை நெருங்கிவிடும். மே மாதம் மனை பார்க்கப் போய் ஆழமாகத் தோண்டியும் ஈரமே இல்லை என்று திரும்புபவர்கள் நவம்பர் கடைசியில் ஒரு முறை தோண்டிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பக்கத்தில் கிணறு இருந்தால் அதன் சுவரில் இருக்கும் பழைய ஈரக் கறை உச்ச மட்டத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நீர்மட்டம் பெட்டிக்குள் ஏறிவிட்டால் என்ன ஆகும்? துணி சுற்றிய பெட்டிக்குள் நிலத்தடி நீரே புகுந்து நிரப்பிவிடும். மழைத் தண்ணீருக்கு இடமில்லை, அது முற்றத்தில் நிற்கும். பெட்டி பத்திரமாக இருக்கும், பயன் மட்டும் பூஜ்ஜியம். சிலர் இதற்குப் பயந்து துணிக்குப் பதில் தண்ணீர் புகாத ஷீட் சுற்றி, தொட்டியாக மாற்றுகிறார்கள். அது இன்னும் ஆபத்து. காலிப் பெட்டியை நிலத்தடி நீர் சதுர மீட்டருக்கு 400 கிலோ விசையில் மேலே தள்ளும். தண்ணீரில் ஊறிய மணல் 30 செ.மீ. கனத்துக்கு 300 கிலோ அளவுக்குத்தான் அழுத்தும். பெட்டி தளத்தைப் பெயர்த்துக்கொண்டு மேலே வரும். ஷீட் சுற்றியே தீர வேண்டும் என்றால் மேல் மண் 60 செ.மீ.க்குக் குறையக்கூடாது.

கடற்கரை என்றாலே சுத்த மணல் என்று நம்பிவிடவும் கூடாது. மேலே ஒன்றரை மீட்டர் மணல், கீழே கடல் களிமண் என்று இருக்கும் இடங்கள் உண்டு. தாழ்வான நிலத்தைக் கிராவல் கொட்டி உயர்த்தி மனை போட்டு விற்றிருந்தால் மேல்மண்ணே வேறு. கை ஆகரால் (கையால் திருகித் துளைக்கும் கருவி) 3 மீட்டர் வரை துளைத்து, ஒவ்வோர் அரை மீட்டருக்கும் வந்த மண்ணை வரிசையாகக் கொட்டிப் பார்த்தால் விவரம் வெளிச்சமாகும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் மனை என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். மணல்மேட்டை வெட்டிச் சமன் செய்யக்கூடாது. குழி தோண்ட ஜேசிபி கூப்பிடுவதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கே தண்ணீரைக் கடலுக்கு விரட்டாமல் மண்ணில் இறக்கச் சொல்வதற்குக் காரணம் கிணறுதான். கடலோர மணலுக்குள் நன்னீர், உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டருக்கு உப்புநீரைத் தள்ளி வைக்கும் என்பது கீபென்–ஹெர்ஸ்பெர்க் கணக்கு. திருப்பிப் படித்தால், மேலே கொஞ்சம் இறைத்தாலே கீழே உப்பு பல மடங்கு ஏறும்.

பொருத்தும் வேலையில் எங்கே சொதப்புகிறது

செட்டோடு வரும் வேலையாட்களின் சேவையைத் தனியாக மதிப்பிட வேண்டும். பெட்டிகளைக் கிளிப் போட்டு அடுக்குவது ஒரு நாளில் முடியும் வேலை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மண் வேலையிலும் துணி வேலையிலும்தான் அவசரம் தெரிகிறது.

மணலில் குழிச் சுவர் செங்குத்தாக நிற்காது. ஒன்றுக்கு ஒன்றரை என்ற சரிவில் வெட்ட வேண்டும், 1.1 மீட்டர் ஆழத்துக்கு இரண்டு பக்கமும் 1.65 மீட்டர் விரியும். 2 மீட்டர் அகலப் பெட்டி வரிசைக்கு மேலே 5.3 மீட்டர் திறப்பு. வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் இது நடக்காத காரியம். அஸ்திவாரத்திலிருந்து 5 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தால், பெட்டி பெரும்பாலும் முன்வாசலுக்கோ பின்கட்டுக்கோதான் போகும். செப்டிக் டேங்க் பக்கம் போகவே கூடாது. மணல் தண்ணீரை வேகமாகக் கடத்துவதைப் போலவே கழிவையும் கடத்தும்.

துணி என்பது நெய்யாத வகை ஜியோடெக்ஸ்டைல், 150 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை). மணல் உள்ளே வராமல் தண்ணீர் மட்டும் போக வேண்டும். நுண்மணலுக்கு அதன் துளை 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் இருப்பது சரி. இதற்குப் பதிலாகப் பசுமைக்குடில் நிழல் வலை, சிமென்ட் சாக்கு, நர்சரியில் விரிக்கும் கருப்பு நெய்த பாய் என்று சுற்றிக் கொடுப்பது நடக்கிறது. வலை என்றால் மணல் உள்ளே ஓடும், பாய் என்றால் சில மழையில் அடைத்துக்கொள்ளும். ஒரு துணியோடு இன்னொரு துணி 30 செ.மீ. ஏற வேண்டும். குழாய் நுழையும் இடத்தில் துணியை நட்சத்திரமாகக் கிழித்து, குழாயைச் சுற்றி மடித்து, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். செம்மண்ணில் ஓர் அங்குல இடைவெளி விட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மணலில் அந்த ஓர் அங்குலம் வழியாக மணல் பெட்டிக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு மழைக்காலத்தில் மேலே பேவர் பிளாக் உள்வாங்கிப் பள்ளம் விழும். துணியை வெயிலில் வாரக்கணக்கில் போட்டு வைப்பதும் தவறு, புற ஊதாக் கதிரில் நைந்துவிடும்.

குழாயில் செட் ஓரளவு தேறுகிறது. ஐ.எஸ். 13592 முத்திரை உள்ள 110 மி.மீ. குழாயை நூற்றுக்கு ஒன்று சரிவில் போட்டால் வினாடிக்கு சுமார் 7 லிட்டர் கடத்தும். நாம் எடுத்த 167 சதுர மீட்டருக்கு, மணிக்கு 100 மி.மீ. மழையில் வருவது 4.6 லிட்டர். போதும்போல் தெரியும். ஆனால் இடிமழையில் பத்து நிமிடம் அதன் இரண்டு மடங்கு வேகத்தில் கொட்டும், அப்போது 9 லிட்டரைத் தாண்டும். பெட்டிக்குள் போகும் கடைசிக் குழாயை மட்டும் 160 மி.மீ. ஆக்கிக்கொள்ள வேண்டும். விலை வித்தியாசம் சில மீட்டருக்குத்தான்.

செட்டின் பெரிய பலவீனம் மண் பிடிக்கும் தொட்டி. ஓர் அடி விட்டத்தில் தருகிற அந்த டப்பா இலைக்குக்கூடப் போதாது. செங்கல்லில் 60க்கு 60 செ.மீ., ஆழம் 90 செ.மீ. என்று கட்டி, வெளிக்குழாய்க்குக் கீழே 30 செ.மீ. வண்டல் தங்க இடம் விட்டு, வெளிக்குழாயின் வாயில் கீழ்நோக்கி ஒரு டி வளைவு போட்டால் மிதக்கும் சருகு உள்ளே போகாது. அதற்கு முன்னால் முதல் மழையைத் தள்ளிவிட ஒரு வால்வு. 1,000 சதுர அடிக்கு முதல் 1 மி.மீ. என்றால் 93 லிட்டர்தான், அதில்தான் தூசியும் பறவை எச்சமும் வரும். கடலோரத்தில் இரும்பு மூடி, ஜிஐ கிளாம்ப் எல்லாம் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். மூடிக்கு எஃப்ஆர்பி (ஃபைபர் கலந்த பிளாஸ்டிக்), கிளாம்புக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்க வேண்டும். காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்டாமல் விட்டால் டெங்குக் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகும். சவுக்கு, தென்னை பக்கத்தில் இருந்தால் வேர் துணியைத் தேடி வரும், இடைவெளி விட்டு வைக்கவும்.

இன்னொன்று, கட்டுமானம் முடியும் வரை பெட்டியோடு எந்தக் குழாயையும் இணைக்கக் கூடாது. பூச்சு வேலையில் கழுவிவிடும் சிமென்ட் பாலும் எம்-சாண்ட் தூசியும் துணியில் படிந்து கெட்டியாகிவிட்டால், முதல் மழைக்கு முன்பே பெட்டி செத்துவிடும். பெட்டி புதைத்த பின் அதைக் கழுவ வழியே கிடையாது என்பதில்லை, 160 மி.மீ. செங்குத்துக் குழாய் ஒன்றைத் தரைமட்டம் வரை விட்டிருந்தால் ஜெட் விட்டு வண்டலை உறிஞ்சி எடுக்கலாம். செட்டில் இது வருவதில்லை, தனியாகக் கேட்க வேண்டும்.

நம்மூருக்கு எது சரி

கிருஷ்ணகிரி, தருமபுரி பாறை நாடு. மேலே ஒன்றிரண்டு மீட்டர் செம்மண், அதன் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கருங்கல். பெட்டியில் இருந்து இறங்கிய தண்ணீர் பாறைமேல் நின்று பக்கவாட்டில் நகரும். அது போய்ச் சேரும் இடம் பக்கத்து வீட்டு சம்ப்பாகவோ நம் வீட்டு அஸ்திவாரமாகவோ இருக்கலாம். கரிசல் கலந்த இடங்களில் மண் ஊறி உப்பி, சுவரில் விரிசல் விடும். இங்கே குழி எடுக்கும்போது ஜேசிபி பக்கெட் ஈரச் செம்மண்ணை வழித்து மெழுகிவிடுவதும் நடக்கும். கடப்பாறையால் அடியையும் பக்கத்தையும் கொத்திவிட்டால்தான் மண் வாய் திறக்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும், இங்கே கூரைத் தண்ணீரை முதலில் மண்ணுக்குக் கொடுப்பது சரியான வரிசை இல்லை என்பது எங்கள் கருத்து. இந்த இரண்டு மாவட்ட நிலத்தடி நீரில் புளூரைடு பிரச்சினை இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கூரையில் விழும் மழையில் அந்தப் பிரச்சினை கிடையாது. அதை வடிகட்டி 10,000 லிட்டர் சம்ப்பில் பிடித்தால் சமையலுக்கும் குடிக்கவும் ஆகும். நிரம்பி வழிவதைத் திறந்த கிணறு இருந்தால் வண்டல் தொட்டி வழியாகக் கிணற்றுக்கு விடலாம். ஆழ்துளைக் கிணற்றுக்கு விடுவதென்றால் ஜல்லி, மணல் அடுக்கிய வடிகட்டி இல்லாமல் விடவே கூடாது. கலங்கல் தண்ணீர் பாறை வெடிப்பை அடைத்தால் போர் போனது போனதுதான். கிணறும் இல்லாதவர்களுக்கு, சோதனையில் மணிக்கு 50 மி.மீ.க்கு மேல் வந்தால் ஜல்லிக் குழி. சரளை மண் உள்ள சில மேட்டுப் பகுதிகளில் இந்த வேகம் கிடைக்கும். அங்கேயும் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் வேறு வழியில்லை என்றால் மட்டும் பெட்டி.

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தச் சான்றுக்காகப் பெட்டி வாங்குகிறவர்களும் உண்டு. சம்ப்பும் சரியான ஜல்லிக் குழியும் அந்தக் கடமையைக் குறைந்த செலவில் நிறைவேற்றும்.

எந்த ஊர் என்றாலும் வழிந்தோடும் பாதை இல்லாத செட் முழுமையான செட் ஆகாது. ஃபெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவானது 50 செ.மீ. மழை, அரூரில் 33 செ.மீ. மேலே சொன்ன 167 சதுர மீட்டரில் அந்த 50 செ.மீ. விழுந்தால் 75 கன மீட்டர். 44 பெட்டி ஒரு நேரத்தில் பிடிப்பது அதில் ஒன்பதில் ஒரு பங்கு. செம்மண்ணில் மீதி எட்டுப் பங்கும் எங்கேயாவது ஓட வேண்டும். அது வீட்டு வாசல்படி வழியாகவா, தெருக் கால்வாய் வழியாகவா என்பதை நாம்தான் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். வண்டல் தொட்டியின் மேல்மட்டத்தில் ஒரு 160 மி.மீ. வழிகுழாய் வைத்து, அதன் மட்டம் வீட்டுத் தரைக்கு 30 செ.மீ. கீழேயாவது இருக்கும்படி பார்த்து, தெரு வாய்க்காலில் விட வேண்டும். ஏரிக்குப் போகும் வரத்துக் கால்வாய் பக்கத்தில் இருந்தால் அதுவே நல்ல முடிவிடம், மண் போட்டு மூடாமல் வைத்திருந்தால். கடற்கரை மனையில் வழிகுழாய் கழிமுகத்துக்கோ கால்வாய்க்கோ போகிறதென்றால் வாயில் ஒருவழி வால்வு வேண்டும்; இல்லாவிட்டால் அலை ஏற்றத்தில் உப்புநீர் அதே குழாய் வழியாகத் திரும்பி வந்து பெட்டியை நிரப்பும்.

கடற்கரை மனைக்கு, நவம்பரில் நீர்மட்டம் 2.1 மீட்டருக்குக் கீழே, முற்றம் முழுக்கத் தளம் என்ற இரண்டும் பொருந்தினால் இந்த செட்டைத் தயங்காமல் வாங்கலாம். மண் தொட்டியை மட்டும் நாமே கட்டிக்கொள்ள வேண்டும். அங்கேயே தோட்டம் இருப்பவருக்குப் பணம் வீண். தருமபுரி, கிருஷ்ணகிரிக்குள் பத்தில் ஒன்பது வீட்டுக்கு வேண்டாம் என்றே சொல்வோம்.

வாங்குபவர்கள் பில்லில் பெட்டியின் அளவு, லிட்டர், தாங்கும் பாரம், துணியின் ஜிஎஸ்எம் நான்கையும் எழுதி வாங்கவும். "மழைநீர் செட் 1" என்று ஒரே வரியில் பில் போட்டால் நாளைக்குப் பேவர் பிளாக் உள்வாங்கும்போது எந்தப் பெட்டி, எந்தத் துணி என்று கேட்கவே முடியாது. பொருத்தும் கூலியில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, குழியை மூடும் முன் ஒரு டேங்கர் தண்ணீரை வண்டல் தொட்டி வழியாக விட்டு, மட்டம் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று வேலையாட்களை வைத்துக்கொண்டே அளந்து பார்த்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். டேங்கரை மட்டும் தெருவிலேயே நிறுத்தி ஓஸ் போட்டு விடவும்.